"எப்ப ஆரம்பிக்கணும் டாக்டர்?" - பெரம்பலூர், அரியலூர் பிள்ளைகளின் மருத்துவக் கனவுக்கு ஒரு சின்ன வரலாறு

1/ போன மாசம் ஓபிக்கு ஒரு அம்மா தன் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. பாப்பா ஏழாவது படிக்குது. காலையில ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வயித்துவலி, ராத்திரி சரியா தூக்கம் இல்லை. பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு, வயித்துல ஒண்ணும் இல்லை. எழுந்து போகும்போது அந்த அம்மா மெதுவா கேட்டாங்க: "சார், பக்கத்து வீட்டுப் பிள்ளைய ஆறாவதுலயே நீட் பவுண்டேஷன் கிளாஸ்ல சேத்துட்டாங்க. நாங்க இன்னும் சேக்கல. லேட் பண்ணிட்டோமா?"

2/ எனக்கு உடனே பதில் சொல்ல வரல. ஏன்னா இந்தக் கேள்விக்கு என் காலத்துல ஒரு பதில் இருந்துச்சு. எனக்கு முந்தின தலைமுறை டாக்டர்களைக் கேட்டா வேற பதில். இப்ப இன்னொரு பதில். படிக்க வேண்டிய உயிரியலும் வேதியியலும் பெருசா மாறல. காலேஜுக்குள்ள போற வாசல்தான் மாறிக்கிட்டே இருக்கு. அந்தக் கதையை நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் நின்னு பார்க்கலாம்னு இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

3/ முதல்ல ஊரைச் சொல்லிடறேன். ரெண்டு மாவட்டமும் பழைய திருச்சி மாவட்டத்தோட வடகிழக்குப் பகுதி. 1995-ல பெரம்பலூர் தனி மாவட்டம் ஆச்சு. 2001-ல அதிலிருந்து அரியலூர் பிரிஞ்சுது. 2002-ல திரும்ப ஒண்ணா சேர்த்துட்டாங்க. 2007 நவம்பர்ல மறுபடி பிரிச்சாங்க. பெரம்பலூர்ல பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். அரியலூர்ல சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஆலை. அரியலூர்ல ரயில் நிக்கும். பெரம்பலூருக்கு இன்னைக்கு வரைக்கும் ரயில் கிடையாது.

4/ ரயில் இருக்கு, இல்லைங்கிறதை ஏன் சொல்றேன்னா, இந்தக் கதை முழுக்க தூரம் வரும். ஒரு விதி மாறுது, ஒரு பரீட்சை வருதுன்னா அந்தச் சேதி சென்னைக்கு ஒரு நாளும், திருச்சிக்கு ஒரு நாளும், வேப்பந்தட்டைக்கும் செந்துறைக்கும் இன்னொரு நாளும் வந்து சேரும். அந்த இடைவெளியிலதான் நம்ம பிள்ளைங்க சீட்டு நிறைய தொலைஞ்சுருக்கு.

5/ 1960-கள். அப்ப பிளஸ் டூ கிடையாது. பதினொண்ணாம் வகுப்போட எஸ்எஸ்எல்சி முடியும். அப்புறம் ஒரு வருஷம் பியூசி. அதைப் பள்ளிக்கூடத்துல இல்ல, காலேஜ்ல போய்ப் படிக்கணும். நம்ம பக்கத்துப் பிள்ளைங்க பெரும்பாலும் திருச்சிக்குத்தான் போவாங்க. ஊர்ல தமிழ்ல படிச்சுட்டு, 60 கிலோமீட்டர் தள்ளி ஹாஸ்டல்ல தங்கி, பெரும்பாலும் இங்கிலீஷ்ல நடக்கிற கிளாஸ்ல உக்காரணும். அந்த ஒரு வருஷத்து மார்க்தான் எல்லாத்தையும் தீர்மானிக்கும்.

6/ அது மட்டும் இல்ல, இன்டர்வியூவும் உண்டு. எம்பிபிஎஸ் தேர்வுக்கு பியூசி பாடங்களுக்கு 200 மார்க், நேர்முகத் தேர்வுக்கு 75 மார்க்னு வச்சிருந்தாங்க. விளையாட்டு, என்சிசி, பொது அறிவு, பேச்சு, உடல்வாகு எல்லாம் பார்ப்பாங்க. யோசிச்சுப் பாருங்க. முதல் தடவையா மெட்ராஸ் பார்க்கிற ஒரு விவசாயி வீட்டுப் பையன், கோட்டு போட்ட பெரியவங்க முன்னாடி உக்காந்து 75 மார்க்குக்குப் பேசணும். இந்த 75-க்கு எப்பலருந்து தயாராகணும்? பொறந்த வீட்டுலருந்துதான்.

7/ அந்தக் காலத்துல அரசாங்கம் ஒரு வேலை செஞ்சுது. எம்பிபிஎஸ் இடங்களை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மக்கள்தொகைக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக் கொடுத்துது. அப்படிச் செய்யலன்னா சென்னை மாதிரி வசதி உள்ள ஊர்ப் பிள்ளைங்களே பெரும்பங்கை எடுத்துக்குவாங்கங்கிறது அரசுத் தரப்பு நியாயம். 1968-ல ராஜேந்திரன் வழக்குல சுப்ரீம் கோர்ட் இந்த மாவட்ட ஒதுக்கீடு செல்லாதுன்னு சொல்லிட்டுது. ஒரு மாவட்டத்துல கம்மி மார்க் வாங்கினவருக்கு இடம், இன்னொரு மாவட்டத்துல அதிக மார்க் வாங்கினவருக்கு இல்லைன்னா அது சமத்துவம் ஆகாதுங்கிறது கோர்ட்டோட வாதம்.

8/ அடுத்து 1970-ல பெரியகருப்பன் வழக்கு. காலேஜ்களைத் தனித்தனி யூனிட்டா பிரிச்சு, யூனிட்டுக்கு ஒரு தேர்வுக் குழுன்னு நடத்துன முறையையும், இன்டர்வியூ மார்க் போட்ட விதத்தையும் சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. ரெண்டு தீர்ப்புக்கும் அதனதன் நியாயம் உண்டு. ஆனா ஒண்ணைக் கவனிங்க. "எந்த ஊர்லருந்து வர்றே"ங்கிற கணக்கு 1968-லயே வாசல்ல இருந்து எடுக்கப்பட்டுருச்சு. அது பின்னாடி வேற வடிவத்துல திரும்ப வந்துச்சு. அதுக்குக் கீழே வர்றேன்.

9/ 1978-ல தமிழ்நாட்டுல பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்துது. முதல் பிளஸ் டூ பேட்ச் 1980-ல வெளிய வந்துச்சு. காலேஜ்ல இருந்த அந்த பியூசி வருஷம் பள்ளிக்கூடத்துக்குள்ள வந்துருச்சு. மேல்நிலைப் பள்ளி பக்கத்துல இருந்தா ஊர்லருந்தே படிக்கலாம். நம்ம பக்கத்துப் பொண்ணுங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. திருச்சி ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேன்னு சொன்ன அப்பாக்கள், உள்ளூர் ஸ்கூலுக்கு அனுப்புனாங்க.

10/ 1984-ல எம்.ஜி.ஆர். ஆட்சியில தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்துது. டிஎன்பிசிஇஇ. நான் இந்த வாசல் வழியா வந்த ஆளு. கணக்கு இப்படி: பிளஸ் டூ உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. நுழைவுத் தேர்வு 100. மொத்தம் 300-க்கு ரேங்க்.

11/ மார்ச்ல பிளஸ் டூ பரீட்சை. கொஞ்ச நாள் இடைவெளி விட்டு நுழைவுத் தேர்வு. எங்க தயாரிப்பு முழுசும் அந்த இடைவெளிதான். கடைசிப் பரீட்சை எழுதின மறுநாள் பெட்டியைக் கட்டிக்கிட்டு திருச்சி. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரூம்ல நாலு பேர். தினம் ஒரு மாதிரித் தேர்வு. நாலு விடையில ஒண்ணு சரின்னு டிக் அடிக்கிற பேப்பரையே நாங்க அப்பத்தான் முதல்ல பார்த்தோம்.

12/ அங்க போனப்பறம்தான் தெரிஞ்சுது, திருச்சிப் பசங்க பிளஸ் ஒன்லயே ஆரம்பிச்சுட்டாங்கன்னு. "நீ இப்பத்தான் வர்றியா?"னு ஒருத்தன் நிஜமாவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். திமிர்ல கேக்கல. அவனுக்குத் தெரியாது, எங்க ஊர்ல அப்படி ஒரு கிளாஸ் இருக்குன்னு சொல்லவே ஆள் இல்லைன்னு. ஓபியில அந்த அம்மா "லேட் பண்ணிட்டோமா"னு கேட்டப்போ எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

13/ அப்ப பக்கத்துல இருந்த அரசு மருத்துவக் கல்லூரின்னா 1959-ல ஆரம்பிச்ச தஞ்சாவூர்தான். திருச்சிக்கே 1997-லதான் அரசு மருத்துவக் கல்லூரி வந்துது. அதனால நம்ம பக்கத்துல ஒரு எம்பிபிஎஸ் மாணவரைக் கண்ணால பார்க்கிறதே அபூர்வம். "எப்படிப் படிச்சே, எப்ப ஆரம்பிச்சே"னு கேட்க ஒரு அண்ணனோ அக்காவோ தெருவுல இல்லை. கோச்சிங் சென்டர் இல்லாததை விட இது பெரிய குறை.

14/ 2006-ல முனைவர் எம். ஆனந்தகிருஷ்ணன் தலைமையில குழு போட்டாங்க. நுழைவுத் தேர்வு கிராமத்துப் பிள்ளைங்களுக்குப் பாதகமா இருக்குன்னு அதை நீக்கச் சட்டம் வந்துது. 2007 மார்ச்ல குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைச்சுது. 2007-08-லருந்து பிளஸ் டூ மார்க் மட்டும்தான். 200-க்கு கட்-ஆஃப். வாசல் இப்ப உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்குள்ளயே வந்துருச்சு.

15/ இதுல எல்லாம் சரியா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். பிளஸ் ஒன் மார்க்குக்கு மதிப்பே இல்லைங்கிறதால, நாமக்கல் பக்கத்து ரெசிடென்ஷியல் பள்ளிகள் பலதுல பிளஸ் ஒன்லயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பிச்சுடுவாங்க. ரெண்டு வருஷம் ஒரே புத்தகம். விடையை வரிக்கு வரி மனப்பாடம். நம்ம மாவட்டத்துலருந்தும் நிலத்தை அடகு வச்சு அங்க சேர்த்தவங்க உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் அந்தப் பிள்ளைக்கும் கட்-ஆஃப்ல ஒண்ணு ரெண்டு மார்க் வித்தியாசம் வந்தாலே சீட் போயிரும்.

16/ அப்பத்தான் பெரம்பலூர்ல ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. 2010-களோட முதல் பாதியில கலெக்டரா இருந்த தரேஸ் அகமது "சூப்பர் 30"ன்னு ஒண்ணு ஆரம்பிச்சார். பீகார்ல ஐஐடிக்காக நடந்த சூப்பர் 30-ஐப் பார்த்து வச்ச பேரு. பத்தாவதுல நல்ல மார்க் வாங்கின அரசுப் பள்ளிப் பிள்ளைங்களைத் தேர்ந்தெடுத்து, தங்க இடம் கொடுத்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ ரெண்டு வருஷமும் தனிக் கவனம் கொடுத்துப் படிக்க வச்சாங்க. அதுலருந்து எம்பிபிஎஸ் போனாங்க, அண்ணா பல்கலைக்கழகம் போனாங்க.

17/ சூப்பர் 30 "எப்ப ஆரம்பிக்கணும்"ங்கிறதுக்கு ஒரு மாவட்டமே சொன்ன பதில்: பத்தாவது முடிச்ச மறுநாள். ரெண்டு வருஷம். அரசுச் செலவு. அப்ப இருந்த வாசலுக்கு அது சரியான பதில். வசதி இருக்கிறவங்க நாமக்கல்ல காசு கொடுத்து வாங்கினதை, வசதி இல்லாத பிள்ளைக்கு ஊர்லயே கொடுத்தாங்க. நம்ம பக்கம் ஒரு வழியா ஆட்ட விதியைக் கத்துக்கிட்டுது. அந்த நேரத்துல ஆட்டம் மாறுச்சு.

18/ இப்ப தேதிகளைக் கவனமா பாருங்க. 2013 மே மாசம் முதல் நீட் நடந்துச்சு. அதே வருஷம் ஜூலை 18 சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாதுன்னு ரத்து பண்ணுச்சு. 2016 ஏப்ரல் 11 அந்தத் தீர்ப்பையே சுப்ரீம் கோர்ட் திரும்பப் பெற்றுக்கிட்டுது. மே 24 ஒரு அவசரச் சட்டம், அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் மாநில அரசு இடங்களுக்கு விலக்கு. 2017 தொடக்கத்துல தமிழ்நாடு சட்டமன்றம் விலக்கு கேட்டு மசோதாக்கள் நிறைவேத்துச்சு. 2017 மே 7 நீட்.

19/ இந்தத் தேதிகளுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணோட பள்ளி வாழ்க்கையை வச்சுப் பாருங்க. அரியலூர் மாவட்டம், செந்துறை பக்கம் குழுமூர். சுமை தூக்கும் தொழிலாளியோட மகள் அனிதா. 2015 ஜூன்ல பிளஸ் ஒன் சேரும்போது தமிழ்நாட்டுல நீட் இல்லை. ரத்தாகி ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு. பிளஸ் ஒன் முடியுற நேரத்துல திரும்ப வருதுங்கிறாங்க. மறுமாசமே இந்த வருஷம் இல்லைங்கிறாங்க. பிளஸ் டூ பரீட்சைக்கு ஒரு மாசம் முன்னாடி விலக்கு மசோதா நிறைவேறுது.

20/ அந்தப் பொண்ணு என்ன படிக்கணும்? எல்லாரும் சொன்னதைத்தான் படிச்சுது. பிளஸ் டூ. 1200-க்கு 1176. மருத்துவ கட்-ஆஃப் 200-க்கு 196.75. முந்தின வருஷ விதி அப்படியே இருந்திருந்தா இந்நேரம் என் ஜூனியர். நீட்ல 720-க்கு 86.

21/ அந்த 86-ஐ வச்சு "அந்தப் பொண்ணுக்கு அறிவியல் தெரியாது, மனப்பாடம்"னு எழுதினவங்களை அப்பவே பார்த்தேன். ஒரு விஷயம் சொல்றேன். நீட் கேள்விகள் 11, 12 ரெண்டு வகுப்புப் பாடத்துலருந்தும் வரும். நம்ம மாநிலத்துல பத்து வருஷமா 11-ஆம் வகுப்புக்குப் பொதுத் தேர்வும் கிடையாது, சேர்க்கையில மதிப்பும் கிடையாது. கேள்வித்தாள் சிபிஎஸ்இ புத்தகத்தோட போக்குல. தப்பான விடைக்கு மைனஸ் மார்க். இதுக்கெல்லாம் தயாராக அந்தப் பேட்ச்சுக்கு உறுதியா கிடைச்ச நாள் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க.

22/ அப்புறமும் முடியல. 2017 ஜூன்ல மாநில அரசு, மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு 85 சதவீதம் ஒதுக்கி ஆணை போட்டுச்சு. ஜூலைல ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. ஆகஸ்ட்ல ஒரு வருஷ விலக்குக்கு அவசரச் சட்டம் வரும்னு நம்பிக்கை கொடுத்தாங்க. அனிதா தானே சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் நின்னுது. ஆகஸ்ட் 22 கோர்ட் சொல்லுச்சு: நீட் படிதான் சேர்க்கை. செப்டம்பர் 1, நாம அனிதாவை இழந்தோம்.

23/ பிளஸ் டூ பரீட்சை முடிஞ்சு அஞ்சு மாசம் கழிச்சு, எந்தப் பரீட்சை கணக்குல வரும்ங்கிறது முடிவாச்சு. அனிதா லேட்டா ஆரம்பிக்கல. சரியான நேரத்துல, சரியான பரீட்சைக்கு ஆரம்பிச்சு, நல்லா முடிச்ச பொண்ணு. லேட்டா வந்தது விதி. நீட் வேணுமா வேண்டாமாங்கிறதுல உங்க கருத்து என்னவா இருந்தாலும், இந்த ஒரு விஷயத்துல நாம ஒத்துப்போகலாம்னு நினைக்கிறேன்.

24/ அதுக்கப்புறம் நடந்தது வேகமா. 2017-18-லருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டு வந்தாங்க (2025-26-ல அதை ரத்து பண்ணியாச்சு). 2018-லருந்து புதுப் பாடப் புத்தகம். அரசுப் பள்ளிகளுக்கு இலவச நீட் பயிற்சி மையங்கள். ஆனாலும் மூணு வருஷம் அரசுப் பள்ளியிலிருந்து எம்பிபிஎஸ் போன பிள்ளைங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

25/ 2021-ல நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அறிக்கை. அதுல ரெண்டு எண்ணை மட்டும் சொல்றேன். தமிழ்வழியில படிச்சு எம்பிபிஎஸ் சேர்ந்தவங்க நீட்டுக்கு முன்னாடி சுமார் 15 சதவீதம், நீட் வந்த முதல் வருஷம் 2 சதவீதத்துக்கும் கீழ. அடுத்தது: 2016-17-ல சேர்ந்தவங்கள்ல பழைய மாணவர்கள் (ரிப்பீட்டர்ஸ்) 12.47 சதவீதம். 2020-21-ல 71.42 சதவீதம்.

26/ அந்த 71-ஐ நிதானமா யோசிங்க. சீட் வாங்கின பத்துப் பேர்ல ஏழு பேர் பிளஸ் டூ முடிச்சு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ வீட்டுல உக்காந்து திரும்பப் படிச்சவங்க. அந்த வருஷத்துக்குச் சோறு போட, கோச்சிங் பீஸ் கட்ட, "பொண்ணு சும்மாதானே இருக்கு, கல்யாணத்தைப் பண்ணு"ன்னு சொல்ற சொந்தக்காரங்களைச் சமாளிக்க ஒரு குடும்பத்துக்குத் தெம்பு வேணும். அந்தத் தெம்பு எல்லா வீட்டுலயும் இல்லை. அதனாலதான் "ஆறாவதுலயே ஆரம்பிச்சுட்டா ஒரே தடவையில முடிஞ்சுரும்"னு பவுண்டேஷன் கிளாஸ் விக்குது. நம்ம பயத்தைத்தான் விலைக்கு விக்கிறாங்க.

27/ 2020 அக்டோபர்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அரசுப் பள்ளியில படிச்சு நீட்ல தகுதி பெற்ற பிள்ளைங்களுக்கு. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் சொல்லுச்சு, அரசு 7.5 வச்சுது. முதல் வருஷமே 300-க்கு மேல எம்பிபிஎஸ் இடம். முன்ன சொன்னேனே, 1968-ல வாசல்ல இருந்து எடுத்த "எங்கிருந்து வர்றே"ங்கிற கேள்வி இங்க திரும்ப வந்துச்சு. ஊர்ங்கிற பேர்ல இல்லாம பள்ளிக்கூடங்கிற பேர்ல வந்துச்சு.

28/ அந்தச் சட்டத்துல ஒரு வரியைப் பெத்தவங்க பலர் கவனிக்கிறதில்லை. ஆறாவதுலருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். அதாவது இந்த வாசலுக்கு உண்மையிலேயே ஆறாவதுலதான் முடிவாகுது. ஆனா அது கோச்சிங்ல சேர்க்கிற முடிவு இல்ல, எந்தப் பள்ளிக்கூடங்கிற முடிவு. எட்டாவதுல "நல்ல ஸ்கூல்"னு தனியாருக்கு மாத்திட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு பீஸ் கட்ட முடியாம திரும்ப அரசுப் பள்ளிக்கு வந்தவங்க, பன்னிரண்டாவதுல வந்து கேட்டப்போ என்னால ஒண்ணும் சொல்ல முடியல.

29/ 2021-22-லருந்து அரியலூர்லயே அரசு மருத்துவக் கல்லூரி. 150 இடம். அங்க இருக்கிற அரங்கத்துக்கு அனிதா பேரு வச்சிருக்காங்க. பெரம்பலூருக்கு இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. இன்னொரு பக்கம் பாருங்க: 2023 பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில பெரம்பலூர் மாநிலத்துல முதல் இடம் (97.67%). 2024 பத்தாம் வகுப்புல அரியலூர் முதல் இடம் (97.31%). 2025 பிளஸ் டூவுல அரியலூர் முதல் இடம் (98.82%). ஒரு காலத்துல ரிசல்ட் பட்டியல்ல கீழ் வரிசையில இருந்த ஊருங்க இது. நம்ம பிள்ளைங்க படிக்கிறதுல குறை இல்லை.

30/ சரி, அந்த அம்மாவுக்கு என்ன சொன்னேன்? மூணு விஷயத்தைத் தனித்தனியா பிரிச்சுச் சொன்னேன். தெரிஞ்சுக்கிறது ஒண்ணு. முடிவு பண்றது ஒண்ணு. பரீட்சைக்குத் தயாராகிறது ஒண்ணு. மூணுக்கும் வயசு வேற. மூணையும் ஒண்ணாக்கி ஏழாவது பிள்ளை தலையில வைக்கிறதுதான் தப்பு.

31/ தெரிஞ்சுக்க வேண்டியது பெத்தவங்க, ஆறாவதுலருந்தே. 7.5 விதி என்ன, அது இப்ப இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டப் படிப்புக்கும் உண்டுங்கிறது, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைக்கு என்ன தகுதி, சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எப்ப வாங்கணும். இதுக்கு இ-சேவை மையத்துக்கு நாலு தடவை நடந்தா போதும். பிள்ளை இந்தக் கட்டத்துல செய்ய வேண்டியது ரெண்டுதான்: கணக்கும், வாசிச்சுப் புரிஞ்சுக்கிறதும். ஸ்கூல்ல வாரம் ஒரு நாள் தர்ற இரும்புச்சத்து மாத்திரையை முழுங்கச் சொல்லுங்க. ரத்தசோகை இருக்கிற பிள்ளைக்கு எந்தப் பவுண்டேஷனும் ஏறாது.

32/ முடிவு பண்ண வேண்டியது பத்தாவது ரிசல்ட் வர்றதுக்குள்ள. எந்த குரூப்புங்கிறது திரும்ப மாத்த முடியாத முதல் முடிவு. டாக்டரா, இன்ஜினியரான்னு சந்தேகம் இருந்தா, முடிஞ்ச பிள்ளைக்கு கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப். ரெண்டு வாசலும் திறந்திருக்கும். பிள்ளைகிட்ட கேளுங்க. நீங்களா முடிவு பண்ணிட்டு வந்து "எங்க பாப்பா டாக்டர்தான்"னு என்கிட்ட சொல்லாதீங்க.

33/ பரீட்சைக்குத் தயாராகிறது பிளஸ் ஒன் முதல் நாள்லருந்து. அதுக்கு முன்னாடி தேவையில்லை. அதுக்கப்புறம் தள்ளியும் போட வேண்டாம். சூப்பர் 30 சொன்ன அதே பதில்தான், ஒரே ஒரு திருத்தத்தோட: பிளஸ் ஒன் புத்தகத்தையும் பிளஸ் டூ அளவுக்கு மதிச்சுப் படிக்கணும். "பிளஸ் ஒன்தானே"ன்னு விட்டா பாதி கேள்வித்தாள் போச்சு. பொதுத் தேர்வு போயிருச்சுங்கிறதால இந்தப் பழைய பழக்கம் திரும்ப வந்துரக் கூடாது.

34/ இது டாக்டரா சொல்றேன். ஆறுலருந்து பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு ராத்திரி 9 மணி நேரத்துக்குக் குறையாம தூக்கம் வேணும். 13-லருந்து 18 வயசுக்கு 8 மணி நேரம். படிச்சது மூளையில பதியறதே தூக்கத்துலதான். காலையில அஞ்சு மணிக்கு ஒரு கிளாஸ், ராத்திரி பத்து மணி வரைக்கும் இன்னொரு கிளாஸ்னு ஓடுற பிள்ளை, ஊத்துன தண்ணிய ஓட்டைக் குடத்துல சுமக்குது. அந்தப் பாப்பாவோட வயித்துவலிக்கு நான் மாத்திரை எழுதல. செல்போனை ராத்திரி ஒன்பது மணிக்கு வாங்கி வைங்க, நீட்டுங்கிற வார்த்தையை ரெண்டு வருஷம் வீட்டுல பேசாதீங்கன்னு எழுதிக் கொடுத்தேன்.

35/ இன்னொண்ணு. ஒரே வாசலை மட்டும் காட்டி வளக்காதீங்க. நர்சிங், பார்மசி, விவசாயம், கால்நடை மருத்துவம் இதுக்கெல்லாம் தமிழ்நாட்டுல பிளஸ் டூ மார்க்தான் முக்கியம். நீட் வரலன்னா அடுத்த கதவு எதுன்னு பிளஸ் ஒன்லயே சாப்பாட்டு நேரத்துல சாதாரணமா பேசி வைங்க. ரிசல்ட் அன்னைக்கு முதல் தடவையா பேசினா, அது பிள்ளைக்கு ஆறுதலாப் படாது. தோல்வின்னுதான் படும்.

36/ பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சுக்கிட்டு இருந்தா: பரீட்சை, ரிசல்ட் நேரத்துல மனசு தாங்க முடியாத மாதிரி இருந்தா 104-க்கோ 14416-க்கோ கூப்பிடுங்க. ரெண்டும் இலவசம், தமிழ்ல பேசலாம், எந்த நேரமும். பெத்தவங்க, ஆசிரியர்கள் இந்த நம்பரை வீட்டுலயும் வகுப்புலயும் கண்ணுல படுற இடத்துல எழுதி வைங்க.

37/ கடைசியா, என்னை மாதிரி இந்தப் பக்கத்துலருந்து வந்த டாக்டர்கள், இன்ஜினியர்கள், இப்ப எம்பிபிஎஸ் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு. என் காலத்துல கேக்க ஒரு அண்ணன் தெருவுல இல்லை. இப்ப நாம இருக்கோம். வருஷத்துக்கு ஒரு நாள் நீங்க படிச்ச அரசுப் பள்ளிக்குப் போய் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைங்ககிட்ட அரை மணி நேரம் பேசுங்க. இந்த வருஷம் விதி என்ன, போன வருஷத்துலருந்து என்ன மாறிருக்கு. அது போதும். விதி திரும்ப மாறும். இந்தத் தடவை அந்தச் சேதியாவது குழுமூருக்கும் வேப்பந்தட்டைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்.